அலகில் கமிலஸ், பேச்சில் கா-பார்

கேள்வி இது: "அமெரிக்காவில் இருந்த மாமா விட்டுப்போன பெட்டியில் ஒரு கத்தி கிடைத்தது. தோல் பிடி, கறுத்த அலகு, ஏழு அங்குலம் இருக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் கா-பார் என்கிறார்கள். ஆனால் பிடிக்குப் பக்கத்தில் 'கமிலஸ், நியூயார்க்' என்றுதான் பொறித்திருக்கிறது. போலியா? ராணுவத்துக்கு இந்தக் கத்திகளை யார்தான் செய்து கொடுத்தார்கள்?"

அந்தப் பெயரை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. இந்த வகைக் கத்தியை அமெரிக்க மரைன் படைக்கு முதன்முதலில் செய்து அனுப்பிய கம்பெனியே கமிலஸ்தான். எந்த வனஸ்பதியையும் டால்டா என்கிறோம், எந்த நகலையும் ஜெராக்ஸ் என்கிறோம், அப்படித்தான் இதுவும். கா-பார் என்பது ஒரு போட்டிக் கம்பெனியின் வியாபாரப் பெயர்; அதுவே பொருளின் பெயராக ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். ராணுவக் கத்தி என்றதும் ஏதோ பெரிய ஆயுதத் தொழிற்சாலை நம் மனதில் வரும். நிஜத்தில் ஸ்பூன் செய்தவர்கள், ரம்பம் செய்தவர்கள், சவரக்கத்தி செய்தவர்கள், பள்ளிக்கூடப் பையன்கள் வைத்திருக்கும் மடக்குக் கத்தி செய்தவர்கள்தான் இவற்றைச் செய்தார்கள். போர் வந்தால் அரசாங்கம் ஒரு வரைபடத்தை நீட்டும், யாரிடம் எஃகும் சாணைக்கல்லும் இருக்கிறதோ அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். கத்தியில் இருக்கும் முத்திரை அந்த ஒப்பந்தத்தின் ரசீது மாதிரி.

முதல் உலகப் போருக்கு முன் பெரும்பாலான சிப்பாய்களுக்குக் கிடைத்தது பயனெட். நம் பழைய ஆட்கள் துப்பாக்கிச் சனியன் என்பார்களே, அது. பிரெஞ்சுக்காரர்களின் லெபெல் துப்பாக்கிக்கு மாட்டும் பயனெட்டின் அலகு மட்டும் 52 சென்டிமீட்டர். திறந்த வெளியில் குதிரைப்படையை எதிர்கொள்ள அந்த நீளம் சரி. ஆள் அகலத்துக்கு வெட்டிய பதுங்குகுழிக்குள், இருட்டில், சேற்றில், அதைத் திருப்பக்கூட இடமில்லை. சிப்பாய்கள் தாங்களே வழி கண்டுபிடித்தார்கள். பயனெட்டை வெட்டிக் குட்டையாக்கினார்கள். முள்கம்பி கட்ட நட்டிருந்த இரும்புக் கம்பியைப் பிடுங்கி, ஒரு முனையை வளைத்துப் பிடியாக்கி, மறுமுனையைத் தட்டிக் கூராக்கினார்கள். அதற்குப் 'பிரெஞ்சு ஆணி' என்றே பெயர். கொல்லன் பட்டறையில் பத்து நிமிட வேலை, அவ்வளவுதான்.

1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது இந்தக் கைவேலையை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. முதலில் வந்த 1917 மாதிரி பதுங்குகுழிக் கத்தி, முக்கோணமாக ஊசிபோல் நீண்ட ஒன்று. குத்த மட்டும்தான் முடியும். கயிறு அறுக்கக்கூட உதவாது. அடுத்து வந்தது 1918-இன் மார்க் ஒன்று. பித்தளையில் வார்த்த பிடி, நான்கு விரலுக்கும் தனித்தனி வளையம், வளையத்தின் வெளிப்பக்கம் முட்டு முட்டாகக் கூர், பிடியின் அடியில் மண்டையைப் பிளப்பதற்கென்று கூம்பு வடிவத்தில் ஒரு திருகு. படத்தில் பார்த்தால் பயமாக இருக்கும். கையில் மாட்டிப் பார்த்தவர்கள் வேறு கதை சொல்வார்கள். விரல் வளையத்துக்குள் போனபிறகு பிடியை மாற்ற முடியாது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு வேறு எதையும் சட்டென்று எடுக்க முடியாது. மெல்லிய அலகு ஒடிந்துபோகும் என்ற புகாரும் உண்டு. போதாததற்கு, பெரும்பாலானவை வந்து சேர்வதற்குள் போரே முடிந்துவிட்டது. கிடங்கில் கிடந்த சரக்கு இருபது வருஷம் கழித்து அடுத்த போரில் பாராசூட் வீரர்கள் கைக்குப் போனது.

இவற்றைச் செய்தவர்களைப் பாருங்கள். பித்தளைப் பிடியில் எல்.எஃப்.அண்ட்.சி. என்று வார்த்திருக்கும். அது கனெக்டிகட் மாநிலத்து லேண்டர்ஸ், ஃப்ரேரி அண்ட் கிளார்க். 'யூனிவர்சல்' என்ற பெயரில் காபி வடிக்கும் பாத்திரம் விற்ற கம்பெனி. ஹென்றி டிஸ்டன் அண்ட் சன்ஸ், ஃபிலடெல்ஃபியாவின் ரம்பக் கம்பெனி. அமெரிக்கத் தச்சர்களிடம் டிஸ்டன் என்றால் கைரம்பம்தான். மூன்றாவது ஒனைடா கம்யூனிட்டி. இது 1848-இல் நியூயார்க் மாநிலத்தில் சொத்தையும் குடும்பத்தையும் பொதுவாக்கி வாழ ஆரம்பித்த ஒரு மதச் சமூகம். முதலில் விலங்குப் பொறி செய்து பிழைத்தார்கள். 1881-இல் அந்தச் சமூகம் கலைந்து பங்குக் கம்பெனி ஆனது. பிறகு ஸ்பூன், ஃபோர்க்கில் பெரிய பெயர் எடுத்தார்கள். பூமியில் சொர்க்கம் கட்டப் புறப்பட்டவர்களின் வாரிசுகள் விரல்முட்டுக் கத்திக்கு ஒப்பந்தம் போட்டார்கள் என்பது எனக்கு எப்போதும் விநோதமாகப் படும்.

ஐரோப்பாவில் இதைப்போலத் தேடிப் போனால் எந்தப் பாதையும் கடைசியில் ஜெர்மனியின் சோலிங்கன் ஊருக்குத்தான் கொண்டுபோய் விடும். சுவிஸ் ராணுவம் 1891-இல் தன் சிப்பாய்களுக்கு மடக்குக் கத்தி கொடுக்க முடிவு செய்தபோது முதல் 15,000 கத்திகள் சோலிங்கனிலிருந்துதான் வந்தன. உள்நாட்டில் அந்த அளவுக்குச் செய்ய ஆளில்லை. புதிய துப்பாக்கியைக் கழற்ற ஒரு திருப்புளி, டப்பா திறக்க ஒரு வாய், ஒரு துளையூசி, ஒரு அலகு. சண்டை என்ற சொல்லே அந்தப் பட்டியலில் இல்லை. அந்த ஒப்பந்தத்தை உள்நாட்டுக்கு இழுக்கப் போராடிய கார்ல் எல்சனர் கிட்டத்தட்டத் திவாலானார். 1897-இல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்திதான் அவரைக் காப்பாற்றியது. அவர் கம்பெனிதான் இன்றைய விக்டோரினாக்ஸ்.

இரண்டாம் உலகப் போருக்கு வருவோம். இங்கேதான் குத்துவாளுக்கும் கத்திக்கும் நடுவே நிஜமான போட்டி.

ஷாங்காய் நகரத்தின் சர்வதேசப் பகுதியில் போலீஸ் வேலை பார்த்த இரண்டு ஆங்கிலேயர்கள், வில்லியம் ஃபேர்பேர்ன், எரிக் சைக்ஸ். அந்தக் காலத்து ஷாங்காயில் கத்திக்குத்தும் துப்பாக்கிச் சூடும் அன்றாடம். அங்கே கற்ற கைச்சண்டையை 1940-இல் பிரிட்டனுக்குத் திரும்பி வந்து கமாண்டோக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்காட்லாந்தின் லோகைலார்ட் பயிற்சி முகாமிலிருந்து அந்த வருஷம் நவம்பரில் வில்கின்சன் ஸ்வோர்ட் கம்பெனிக்குப் போய்த் தங்களுக்கு வேண்டிய கத்தியைப் பற்றிப் பேசினார்கள். 1941 ஜனவரியில் முதல் 50 கத்திகள் தயார். வில்கின்சன் என்றதும் நமக்கு ஷேவிங் பிளேடு ஞாபகம் வருவது தப்பில்லை. வாளும் சவரமும் அந்த வீட்டில் அடுத்தடுத்த அறை.

இரண்டு பக்கமும் கூர், நீண்டு மெலிந்த முனை, பித்தளைப் பிடி. முதல் மாதிரியில் கைக்காப்பு எஸ் எழுத்துபோல் வளைந்திருக்கும். வளைப்பது நேரம் பிடிக்கிற வேலை என்று அடுத்த மாதிரியில் நேராக்கினார்கள். மூன்றாவது மாதிரியில் பிடியையே மலிவான உலோகத்தில் வளைய வளையமாக வார்த்துவிட்டார்கள். போர் முற்ற முற்ற நயம் ஒவ்வொன்றாக உதிர்வதை இந்த மூன்று கத்திகளையும் வரிசையாக வைத்தாலே பார்த்துவிடலாம். சேகரிப்பவர்கள் முதல் மாதிரிக்குக் கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுப்பது அதனால்தான்.

அழகான பொருள். ஆனால் என் கருத்தில் நல்ல கத்தி இல்லை. நம் வீட்டு அரிவாளின் பிடியை இருட்டில் தொட்டாலே வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும். இதன் பிடியோ புட்டிபோல் உருண்டை. அலகு எந்த வாக்கில் நிற்கிறது என்று கைக்குத் தெரியாது. சிப்பாய்க்கு ஒரு நாளில் இருபது தடவை வருவது பெட்டி நெம்பும் வேலை, டப்பா திறக்கும் வேலை, குச்சி சீவும் வேலை. இதை விட்டு நெம்பினால் முனை போய்விடும். செய்தவர்கள் அதற்காகச் செய்யவில்லை என்பது சரிதான்; காவலாளியைச் சத்தமில்லாமல் தீர்ப்பதுதான் அவர்கள் மனதில் இருந்தது. ஆனால் கமாண்டோவும் சாப்பிட வேண்டுமே.

கத்தியாகத் தோற்றாலும் சின்னமாக ஜெயித்தது. இன்றும் பல நாட்டுக் கமாண்டோப் படைகளின் இலச்சினையில் இந்தக் குத்துவாள் வடிவம்தான் நிற்கிறது. நம் பாராசூட் சிறப்புப் படையின் 'பலிதான்' இலச்சினையிலும் இறக்கைகளுக்கு நடுவே இருப்பது கமாண்டோ குத்துவாள்தான். 2019 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் தோனியின் கீப்பிங் கையுறையில் இருந்து, ஐ.சி.சி. எடுக்கச் சொல்லிப் பெரிய சர்ச்சை ஆனதே, அதேதான்.

அமெரிக்கர்களும் இந்த மோகத்தில் விழுந்தார்கள். மரைன் ரெய்டர் பிரிவுக்கென்று ஃபேர்பேர்ன் கத்தியைப் பார்த்து ஒரு குத்துவாள் செய்யச் சொன்னார்கள். செய்தது உங்கள் கமிலஸ்தான். 14 ஆயிரத்துச் சொச்சம் செய்தார்கள். பிடியைத் துத்தநாகக் கலவையில் வார்த்தார்கள். அந்த உலோகம் வருஷம் போகப் போக உள்ளுக்குள்ளேயே வெடித்துப் பொடியாகிவிடும். இன்று சந்தைக்கு வரும் ரெய்டர் குத்துவாள்களில் பிடி விரிசல் இல்லாதது கிடைத்தால் விலை எகிறும். கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து அமைத்த முதல் சிறப்புப் படைக்கு பென்சில்வேனியாவின் கேஸ் கம்பெனி வி-42 என்று ஒன்று செய்தது. அலகின் அடியில் கட்டைவிரலுக்கு வரிவரியாக ஒரு பள்ளம் வைத்தார்கள். விரலை அங்கே வைத்தால் அலகு தட்டையாக நிற்கிறது என்று இருட்டிலும் தெரியும். நான் மேலே சொன்ன குறையை யாரோ யோசித்திருக்கிறார்கள்.

இனி உங்கள் கத்தி. 1942-இல் பசிபிக் தீவுகளுக்குப் போன மரைன்கள் பலர் ஊரில் கடையில் வாங்கிய வேட்டைக் கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு போனார்கள். மிச்சிகனில் மார்பிள்ஸ் கம்பெனி 1900 வாக்கிலிருந்தே செய்துவந்த 'ஐடியல்' போன்ற கத்திகள்: தோல் பிடி, ஒரு பக்கம் மட்டும் கூர், முதுகு தடித்து, முனைப்பக்கம் மட்டும் முதுகைச் செதுக்கிக் கூராக்கியது. ராணுவம் கொடுத்த குத்துவாளைவிட இது உபயோகமாக இருந்ததால், கடைசியில் ராணுவமே இந்த வழிக்கு வந்தது. அதிகாரிகளும் கத்திக் கம்பெனிக்காரர்களும் உட்கார்ந்து வேட்டைக் கத்தியைக் கொஞ்சம் நீட்டி, கொஞ்சம் தடிப்பாக்கி, ஒரு கைக்காப்பும் அடியில் தட்டுவதற்கு ஒரு இரும்புத் தகடும் சேர்த்தார்கள். 1942 நவம்பர் 23-இல் மரைன் படை ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் இதன் பெயர் 1219சி2. பிறகு கடற்படையும் எடுத்துக்கொண்டதும் மார்க் 2 ஆனது. வடிவமைப்பில் நியூயார்க் மாநிலம் ஓலியன் ஊரில் இருந்த யூனியன் கட்லரிக்குப் பங்கு உண்டு. ஆனால் 1943 ஜனவரி 27-இல் முதல் சரக்கை அனுப்பியது கமிலஸ். கூடவே ராபசன், பால் என்ற இரண்டு கம்பெனிகளும் இதே கத்தியைச் செய்தன.

அப்புறம் ஏன் எல்லாரும் கா-பார் என்கிறார்கள்? யூனியன் கட்லரி தன் கம்பெனிப் பெயரைப் போடாமல் தன் வியாபாரப் பெயரைப் பெரிய எழுத்தில் அலகின் அடியில் அடித்து அனுப்பியது. போர்க்காலத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். சிப்பாய் தினமும் பார்ப்பது அந்த எழுத்தைத்தான். சொல்லவும் சுருக்கம், 'மார்க் 2, 1219சி2' என்று எவன் சொல்வான்? அந்தப் பெயர் வந்ததற்கு கம்பெனி சொல்லும் கதை ஒன்று உண்டு. துப்பாக்கி சரியாக வேலை செய்யாதபோது இந்தக் கத்தியால்தான் கரடியைக் கொன்றேன் என்று ஒரு வேட்டைக்காரன் எழுதிய கடிதத்தில், கோழிக்கிறுக்கலில் 'கில் எ பேர்' என்பது 'கே ஏ பார்' என்று தெரிந்ததாம். விளம்பரத்துக்கு இதைவிட நல்ல கடிதம் எந்தக் கம்பெனிக்கும் வந்திருக்காது. 1952-இல் கம்பெனியே தன் பெயரைக் கா-பார் என்று மாற்றிக்கொண்டது.

இந்தக் கத்தியில் எனக்குப் பிடித்த இடம் அதன் பிடி. உங்கள் கத்தியை வெளிச்சத்தில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். மெல்லிய கோடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். அது ஒரே தோல் துண்டு இல்லை. நடுவில் ஓட்டை போட்ட தோல் வில்லைகள் இருபதுக்கும் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கத்தியின் காம்பில், அதாவது அலகிலிருந்து பிடிக்குள் நீளும் ஒடுங்கிய இரும்பில், கோத்திருக்கும். கோத்து, இறுக்கி அழுத்தி, அடியில் இரும்புத் தகட்டை மாட்டி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காம்பின் நுனியை அடித்து மழுக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் மொத்த அடுக்கையும் சாணையில் கொடுத்துப் பிடி வடிவத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிவர வரிப்பள்ளம் போடுவது. செருப்புத் தோலில் மிஞ்சும் துண்டுபோன்ற சின்னத் துண்டும் வில்லைக்குப் போதும். வியர்வைக் கையில் வழுக்காது. வெயிலில் சுடாது, பனியில் ஒட்டாது. கெடுதல் என்றால் மழைக்காடு: பசிபிக் ஈரத்தில் தோல் பூஞ்சை பிடித்து அழுகியது, உறை நைந்தது.

அலகு 1095 எஃகு. அந்த எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் கார்பன் அளவு, 0.95 சதவீதம். நன்றாகக் கூர் பிடிக்கும், அதைவிட நன்றாகத் துருப்பிடிக்கும். மினுங்கி ஆளைக் காட்டிக்கொடுக்காமலும் துரு தள்ளிப்போகவும் பாஸ்பேட் பூசிச் சாம்பல் கறுப்பாக்கினார்கள். அலகில் நீளவாக்கில் ஓடும் பள்ளத்தை ரத்தம் வடிய வைத்தது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வலிமை அதிகம் குறையாமல் எடையைக் குறைக்கும் வழி அது. தண்டவாளத்தின் இடுப்பு ஏன் ஒடுங்கியிருக்கிறதோ அதே காரணம்.

தரைப்படை அதே 1943-இல் வேறு பாதையில் போனது. பித்தளைக்குத் தட்டுப்பாடு, விரல்முட்டுக் கத்தி இனிக் கட்டுப்படியாகாது. சீக்கிரம், மலிவாக, ஏராளமாக வேண்டும். வந்தது எம்3: 6¾ அங்குல அலகு, ஒடுங்கிய குத்துவாள் வடிவம், தகட்டில் அச்சடித்த கைக்காப்பு, அதே தோல் வில்லைப் பிடி. கமிலஸ், கேஸ், யூட்டிகா, இம்பீரியல் என்று ஒன்பது கம்பெனிகள். ரோட் ஐலண்டின் இம்பீரியல் கம்பெனி இத்தாலியின் கத்தி ஊரான ஃப்ரோசலோனேயிலிருந்து வந்த சகோதரர்கள் தொடங்கியது. மலிவு மடக்குக் கத்திதான் அவர்கள் பிழைப்பு. ஒன்பது கம்பெனிகளும் சேர்ந்து ஒன்றரை வருஷத்துக்குள் 25 லட்சத்துக்கும் மேல் எம்3 செய்து குவித்தார்கள். ஆனால் குத்துவாளின் பழைய நோய் இதற்கும் உண்டு: நெம்பினால் ஒடியும். 1944-இல் யாரோ புத்திசாலி அதே அலகின் கைக்காப்பில் ஒரு வளையம் வைத்து, கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியில் மாட்டும் எம்4 பயனெட் ஆக்கிவிட்டார். எம்3 அத்தோடு சரி. பயனெட்டை வெட்டிக் கத்தியாக்கிய பதுங்குகுழிக்காரர்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

கிழக்கே சோவியத் பக்கம் ஒரே ஒரு சம்பவம் சொல்லிவிட்டு நகர்கிறேன். யூரல் மலைப்பகுதியில் ஸ்லாடவுஸ்ட் என்று ஒரு வாள் ஊர். 1815 வாக்கில் அந்த ஆயுதச் சாலையை நிலைநிறுத்தியதும் சோலிங்கனிலிருந்து வந்த கைவினைஞர்கள்தான். 1943-இல் யூரல் தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு தன்னார்வ டாங்கிப் படையை அனுப்பியபோது இந்த ஊரில் வீரர்களுக்கென்று கறுப்புப் பிடி, கறுப்பு உறையோடு கத்திகள் செய்து கொடுத்தார்கள். ஜெர்மானியர்கள் அந்தப் படையைக் 'கறுங்கத்தி டாங்கிப் படை' என்றே அழைத்தார்கள். சோலிங்கனில் கற்ற வித்தை ஜெர்மானியர்களை நோக்கியே திரும்பி வந்தது.

நம் பக்கத்துக் கதையை விட்டுவிட முடியாது. கூர்க்கா சிப்பாயின் குக்ரி, இன்றும் படை வழங்கும் கத்தி. மற்றவை எல்லாம் போருக்குப் போர் மாற, இது வடிவம் மாறாமல் நிற்கிறது, ஏனென்றால் இது முதலிலேயே விறகு வெட்டும் கத்தி. முன்பக்கம் கனத்து வளைந்திருப்பதால் வீசினால் எடையே வேலையைப் பார்த்துக்கொள்ளும். நேபாளத்தில் இதைக் காலங்காலமாகச் செய்பவர்கள் காமி என்ற கொல்லர் சாதியினர். இன்று பெரும்பாலும் பழைய வண்டிகளின் ஸ்பிரிங் பட்டை எஃகுதான். நம்மூரில் அரிவாள் அடிப்பவர்களும் லாரிப் பட்டையைத்தான் தேடுவார்கள், எஃகின் தரம் அப்படி. தோய்ச்சல் கொடுக்கிற விதத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. பழுக்கக் காய்ச்சிய அலகை அப்படியே தண்ணீரில் முக்க மாட்டார்கள். கெட்டிலில் இருந்து மெல்லிய தாரையாக வாய்ப்பக்கம் மட்டும் ஊற்றிக்கொண்டே போவார்கள். வாய் கடினமாகும், முதுகு மென்மையாக இருந்து அடியைத் தாங்கும். உறையிலிருந்து எடுத்தால் ரத்தம் பார்க்காமல் வைக்கக் கூடாது என்பதெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லும் கதை; கூர்க்கா வீரர் அதில்தான் இறைச்சியும் விறகும் வெட்டுகிறார். போர்க்காலத் தேவையில் இந்தியாவிலும் குக்ரி செய்யும் பட்டறைகள் பெருகின. டேராடூனில் 1943-இல் தொடங்கிய விண்ட்லாஸ் இன்றும் வாளும் குக்ரியும் செய்கிறது.

வியட்நாம் போரில் மரைன்கள் கையில் மறுபடியும் மார்க் 2. அவர்களும் கா-பார் என்றுதான் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால் அப்போது ராணுவத்துக்கு அதைச் செய்துகொண்டிருந்தவர்கள் கமிலஸ், யூட்டிகா, ஆன்டாரியோ, கொனெட்டா ஆகியோர். கா-பார் கம்பெனி அந்த ஒப்பந்தத்தில் இல்லவே இல்லை. பெயர் மட்டும் சண்டைக்குப் போயிருந்தது.

விமானிகளுக்கு வேறு கத்தி. மார்பிள்ஸ் வடிவமைத்து, பின்னால் கமிலஸும் ஆன்டாரியோவும் செய்தது: குட்டை அலகு, முதுகில் ரம்பப் பல், பிடியின் அடியில் சுத்தியல் மாதிரி ஆறுபட்டைக் கட்டி, உறையின் முன் பையில் ஒரு சின்னச் சாணைக்கல். விழுந்த விமானத்தின் அலுமினியத் தகட்டை அறுத்து வெளியே வர அந்தப் பல். கைக்காப்பில் இரண்டு ஓட்டை இருக்கும். குச்சியில் கட்டி ஈட்டியாக்கிக்கொள்ளலாம். ராணுவம் வழங்கிய கத்திகளில் இதுதான் யோசித்துச் செய்தது என்பேன்.

முத்திரையைப் பற்றிக் கேட்டதால் முத்திரையே இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். எல்லை தாண்டி ரகசிய வேலை பார்த்த அமெரிக்கச் சிறப்புப் படைக் குழுக்களுக்கு ஒகினாவாவில் இருந்த ஒரு அலுவலகத்தில் பென் பேக்கர் என்பவர் கத்தி வடிவமைத்தார். செய்தது ஜப்பானில். கம்பெனிப் பெயர் கிடையாது, நாட்டின் பெயர் கிடையாது. ஆள் பிடிபட்டாலும் கத்தி வாய் திறக்கக் கூடாது. அந்தக் குழுக்களின் சுருக்கப் பெயரான சாக் என்பதையே 1986-இல் ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டு அதே வடிவத்தைப் பெயர் பொறித்து விற்றது. மற்றபடி அந்தப் போரில் காசு உள்ளவர்கள் ஃப்ளோரிடாவின் ராண்டல் பட்டறைக்கு எழுதிப் போட்டுத் தங்கள் செலவில் வரவழைத்தார்கள்.

1980களில் வந்த எம்9 பயனெட்டோடு தனிச் சண்டைக்கத்தியின் கதை ஏறக்குறைய முடிகிறது. அலகில் ஒரு ஓட்டை, உறையின் நுனியில் ஒரு முளை. இரண்டையும் மாட்டினால் முள்கம்பி வெட்டும் கத்தரி. யோசனை சோவியத்காரர்களின் ஏ.கே.எம். துப்பாக்கியின் பயனெட்டிலிருந்து வந்தது. ஃப்ரோபிஸ் என்ற சின்னக் கம்பெனி ஒப்பந்தத்தைப் பிடித்து, வேட்டைக் கத்திக்குப் பேர்போன பக் கம்பெனியிடம் கொடுத்து 3 லட்சத்துக்கும் மேல் செய்ய வைத்தது. 2010-இல் அமெரிக்கத் தரைப்படை அடிப்படைப் பயிற்சியிலிருந்து பயனெட் பயிற்சியையே எடுத்துவிட்டது. இன்றைய சிப்பாயின் பையில் பெரும்பாலும் இருப்பது கொறடு, திருப்புளி, சின்ன அலகு எல்லாம் மடங்கி ஒன்றான மல்டி-டூல்.

கமிலஸ் என்ன ஆயிற்று என்றும் கேட்பீர்கள். அது நியூயார்க் மாநிலத்தில் ஒரு சின்ன கிராமத்தின் பெயர். ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்த அடால்ஃப் காஸ்டர் என்ற வியாபாரி 1902-இல் அங்கே இருந்த பட்டறையை வாங்கி, ஜெர்மானியக் கத்திக் கைவினைஞர்களை வரவழைத்தார். அவர்கள் தங்க ஒரு விடுதியே கட்டினார்; பெயர் ஜெர்மானியா ஹால். அந்த ஆலை 2007-இல் மூடப்பட்டது. பெயரை வேறு கம்பெனி வாங்கிக்கொண்டது, அதனால் கடையில் இன்றும் கமிலஸ் என்று புதுக் கத்தி பார்க்கலாம். அது வேறு ஆலைச் சரக்கு. கா-பார் ஓலியனில் இன்னும் இருக்கிறது, மார்க் 2-ஐ இன்னும் செய்கிறது.

உங்கள் கத்தியின் வயதைக் கம்பெனிப் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, கமிலஸ் இதைப் பல பத்தாண்டுகள் செய்தது. முத்திரை அலகிலா, கைக்காப்பிலா, கூடவே யு.எஸ்.எம்.சி. அல்லது யு.எஸ்.என். என்று இருக்கிறதா என்று பாருங்கள். முன்னது மரைன், பின்னது கடற்படை. பிறகு பிடியின் அடித்தகட்டைப் பாருங்கள். காம்பின் நுனியை அடித்து மழுக்கியிருந்தால் பழைய முறை. பக்கவாட்டில் குறுக்காணி போட்டிருந்தால் பின்னால் வந்த முறை. தயவுசெய்து சாணைக்காரரிடம் கொடுத்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். அந்தக் கறுப்புப் பூச்சு போனால் பாதி மதிப்பு போனது. தோல் உறைக்குள்ளேயும் வைக்க வேண்டாம், நம்மூர் ஈரத்துக்குத் தோல் தண்ணீரை இழுத்து அலகில் புள்ளி புள்ளியாகத் துரு வைக்கும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டுத் தடவி, துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். உறையைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதன் பின்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். பல சிப்பாய்கள் பெயரையோ எண்ணையோ அங்கேதான் கீறி வைத்தார்கள். ஏதாவது எழுத்து தெரிந்தால், அடித்தகட்டோடு சேர்த்துப் படம் அனுப்புங்கள்.